ஐலிஃபின் தலையுறை

குளிர்காலம் வந்தால் என் தம்பி ஐலிஃபுக்குத் தலைவலியும் கூடவே வந்துவிடும். எங்கள் ஃப்ரேயா தீவைச் சுற்றிக் கடலடியில் மூழ்கி, கையால் சிப்பி பொறுக்குவது அவன் தொழில். மேலே படகைப் பார்த்துக்கொள்வது என் தொழில். பிப்ரவரித் தண்ணீரிலிருந்து ஏறியதும் நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். காப்பியை நீட்டினால்கூட வாங்க மாட்டான். உடம்புக்குத் தண்ணீர் புகாத நல்ல உடை, உள்ளே கம்பளி, எல்லாம் இருக்கிறது. தலைக்கு மட்டும், தேய்ந்து தேய்ந்து காகிதமாகிப்போன ஒரு பழைய ரப்பர் உறை.

"கதகதப்பா ஒண்ணு வாங்கித் தொலையேன்டா" என்று மூன்று குளிர்காலமாகக் கத்துகிறேன். நான் சுக்கானைப் பிடித்து முன்னால் பார்த்தபடி கத்துவேன், அவன் பின்னால் சிப்பிப் பையை அலசிக்கொண்டிருப்பான். திரும்பிப் பார்த்தால் சிரிப்பான். செவிடன் காதில் ஊதிய சங்குதான். 'யோருன் அக்கா வாய்க்கு இப்படி ஒரு பொறுமைசாலித் தம்பி' என்று ஊரில் பேச்சு வேறு. எனக்கு அறுபது முடியப்போகிறது, அவனுக்கு நாலு வயது குறைவு. இரண்டு பேருக்கும் பெண்டாட்டி புருஷன் என்று யாரும் இல்லை. கத்திக் கத்தி எனக்கும் அலுத்துவிட்டது.

இந்த வருஷம் அவனைக் காரில் ஏற்றி ட்ரொண்ட்ஹெய்ம் நகரத்துக்கே கொண்டுபோய்விட்டேன். கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினாள். முதலாவது தாடையை இறுக்கி வாயைத் திறக்கவே விடவில்லை. அடுத்தது கழுத்தை நெரித்தது. தண்ணீருக்குள் கழுத்து நெரிந்தால் மயக்கம் வரும், அது வேண்டவே வேண்டாம். இன்னொன்று முகத்தோரம் தொளதொளவென்று நின்றது, அந்த இடைவெளியில் ஐஸ் தண்ணீர் புகுந்தால் போட்டதற்கே அர்த்தமில்லை. கழற்றிக் கழற்றி மாட்டியதில் அவன் காது மடல் சிவந்துபோயிற்று. கடைசியாக விரல் தடிமனில் ஒன்று வந்தது. உள்ளே பூனை முதுகு போல மெத்தென்று இருந்தது. முகத்தைச் சுற்றிப் படிந்து உட்கார்ந்தது, கழுத்தும் தாராளம்.

"கடல்நாய் மாதிரி இருக்கேன்" என்றான் கண்ணாடியைப் பார்த்து.

"இத்தனை நாள் மட்டும் அழகு வழிஞ்சுதாக்கும்!"

"தடிப்பா இருக்குக்கா. மெல்லிசா ஏதாவது பாப்போமே."

"மெல்லிசு வேணும்னா வெங்காயத் தோலை ஒட்டிக்கோ. இதுதான், முடிஞ்சுது."

இன்னும் இரண்டு தடவை மெல்லியது கேட்டான். பிடிவாதம் பிடிக்கிறான் என்று நினைத்தேன். அப்புறம் அவனும் களைத்துப்போய்ச் சரி என்றான்.

மறுநாள் காலை அதை மாட்டிக்கொண்டு இறங்கினான். எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. படகின் இரும்பு ஏணி தண்ணீருக்குள் தொங்கும், அதில் நான் ஸ்பேனரால் மூன்று தட்டுத் தட்டினால் உடனே மேலே வர வேண்டும். அன்றைக்குப் பார்த்து, வளர்ப்பு மீன் ஏற்றும் பெரிய கப்பல் ஒன்று முனை திரும்பி எங்களை நோக்கி வந்தது. மூன்று தட்டினேன். ஐலிஃபின் மூச்சுக் குமிழி நகரவே இல்லை. மறுபடியும் தட்டினேன், ஸ்பேனர் உடைகிற மாதிரி தட்டினேன். ஒன்றும் இல்லை. ரேடியோவில் தொண்டை கிழியக் கத்தினேன். நல்லவேளை, கப்பல்காரன் விலகிப் போனான்.

ஐலிஃப் நிதானமாக ஏறி வந்து, பல்லெல்லாம் தெரிய, "தலை வலிக்கவே இல்லக்கா!" என்றான்.

"கப்பலுக்கு அடியில போயிருப்பேடா பாவி! எத்தனை தட்டுத் தட்டினேன்!"

சிரிப்பு போய்விட்டது. "தடி ரப்பரு… கேக்கல" என்றான்.

போயும் போயும் நான் வற்புறுத்தி வாங்கிய சனியன் அல்லவா! யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று, எங்கள் துறையிலேயே சிப்பி எடுக்கிற ஹெர்டிஸைக் கூப்பிட்டேன். போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றாள். மறுநாள் அதை மாட்டிக்கொண்டு படகோரமாக இறங்கினாள். "உனக்கும் கேக்காது பாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டு ஏணியில் சும்மா ஒரு தட்டுத் தட்டினேன். உடனே தலையை நீட்டினாள்.

"எதுக்குக்கா இப்படித் தட்டுறே? காது கிழியுது!"

நான் ஐலிஃபைப் பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டி, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"ஐலிஃப்" என்றேன். திரும்பவில்லை.

"ஐலிஃப், வீடு பத்திக்கிச்சுடா."

கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். ஹெர்டிஸ் ஏணியைப் பிடித்தபடியே உறையைக் கழற்றிப் படகுக்குள் வைத்தாள்.

போய் அவன் முன்னால் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"மூணு வருஷமாச்சுக்கா" என்றான். "குளிர்த் தண்ணி பட்டுப் பட்டு, காதுக்குள்ள எலும்பு வளந்து அடைச்சுக்கிச்சு. எதிர்ல நின்னு பேசினா உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். பழைய உறை மெல்லிசு. நீ தட்டினா மண்டையில டக்குனு படும். அதை வெச்சுத்தான் ஓட்டினேன்."

"வாயைத் திறந்து சொன்னா என்னடா?"

"சொன்னா இறங்க விடுவியா? இறங்காம நான் என்னக்கா பண்றது?"

பத்தொன்பது வயதில் கடலுக்குள் போனவன், கரையில் அவனுக்கு ஒரு வேலையும் தெரியாது. நான் தட்டுவது மண்டையில் பட வேண்டும் என்பதற்காக மூன்று குளிர்காலம் தலைவலியைத் தின்றிருக்கிறான். நானோ அவன் முதுகுக்குப் பின்னால் கத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

கடைசியில் சொன்னேன்: "இந்த மாசத்தோட சரி. அப்புறம் டாக்டர்கிட்ட நாமளே போய்க் காது விஷயத்தைச் சொல்றோம். அதுவரைக்கும் தடி உறையைத்தான் போடுவே, இடுப்புல கயிறு கட்டித்தான் இறங்குவே. நான் மூணு இழுத்தா மேல வரணும். நீ இழுத்தா ஆபத்துன்னு அர்த்தம், தூக்கிடுவேன்."

"நாயைக் கட்டிக் கூட்டிட்டுப் போற மாதிரியா?"

"ஆமா. குரைக்காம வா."

கயிறு கடல்பாசியில் சிக்கும் என்று முணுமுணுத்தான். ஆனாலும் கட்டிக்கொண்டான்.

முதல் நாள் கயிற்றைப் பிடித்துப் பிடித்து என் கை மரத்துப்போயிற்று. பாதிப் பொழுதுகூட ஆகியிருக்காது, கயிறு வெடுக்கென்று இழுபட்டது. மறுபடியும் இழுபட்டது. ஐயோ, போச்சு என்று உயிரைக் கொடுத்து இழுத்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. தண்ணீருக்கு மேலே வந்தவன் வாயிலிருந்த மூச்சுக்குழாயை எடுத்தான்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா. தலை கதகதன்னு இருக்கு. உங்கிட்டச் சொல்லணும்னு தோணுச்சு."

படகோரம் குனிந்து, தலையுறையைக் காதோடு சேர்த்துப் பிடித்து, அவன் முகத்தை என் பக்கம் திருப்பினேன். திட்ட ஆரம்பித்தேன். ஒவ்வொரு வார்த்தையாக, என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தித் திட்டினேன்.