வேலிக்கு வெளியே கற்பூரம்

இன்று மலேசியாவில், எங்கள் ஈப்போ ரயில் யார்டில் ஆயுத பூஜை. பெட்ரோல் நிரம்பிய டேங்கர் பெட்டி ஒன்று சந்தனம், குங்குமம், மாலையோடு நின்றது. சக்கரத்தடியில் எலுமிச்சை.

பெட்டிகளை இணைக்கும் குழுவின் தலைவர் முனியாண்டி அண்ணன் கற்பூரம் ஏற்றப் போனார். புதிய பாதுகாப்பு அதிகாரி சுமதி ஓடிவந்து தீப்பெட்டியைப் பிடுங்கினார்.

“அண்ணே, உள்ள பெட்ரோல் இருக்கு! இங்க நெருப்பு கூடாது லா!”

“கற்பூரம் காட்டாம என் ஆளுங்க தொட மாட்டாங்க மேடம். நாலு மணி ரயில் போவாது.”

“கொளுத்தினா ரயில் மட்டுமில்ல, நாம எல்லாருமே போயிருவோம்!”

இரு தரப்பும் விதியைத்தான் மதித்தன. ஒரு தரப்பின் விதி அச்சில் இருந்தது.

சுமதி அந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “வேலிக்கு வெளிய கொளுத்தலாம். தட்ட எவ்வளோ பெரிசா சுத்தணும்னு ஒண்ணும் போடல. வாங்க, போலாம்.”

அபாயக் குறியை மறைத்த மாலையை மட்டும் அவரே ஒதுக்கிவிட்டார்.

வேலிக்கு வெளியே நின்று முனியாண்டி அண்ணன் தட்டை உயர்த்தி, தூரத்துப் பெட்டிக்கு ஏற்ற அளவில் பிரம்மாண்டமான வட்டம் போட்டார்.

“அண்ணே, கொஞ்சம் இடது பக்கம் லா! பக்கத்து சிமெண்டு பெட்டிக்குக் காட்டுறீங்க!”

கத்தியது சுமதி.

நான்கு மணிக்கு ரயில் எலுமிச்சையை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. அதிகாரி உட்பட எல்லாரும் கைதட்டினோம்.

புந்தோங் வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில் கேஸ் தோம்பு பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறது. மனைவி கற்பூரத் தட்டையும் தீப்பெட்டியையும் நீட்டுகிறாள்.

நான் வேலியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் நீங்கள் எங்கே நின்று காட்டினீர்கள்?