மாமா பந்தை எடுத்துக்கொண்டு ஓடிய நாள்

என் மகனுக்குக் கால்பந்து என்றால் உயிர். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ இருக்கும் ஒரு பெரிய கிளப்பின் ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவான். ஒரு காலத்தில் கோப்பைகளாக வாங்கிக் குவித்த அந்த கிளப் இப்போது பேர் தெரியாத அணிகளிடமெல்லாம் தோற்கிறதாம். "ஆடறவங்க மேல தப்பில்லப்பா. மேனேஜ்மெண்ட்டு சரியில்ல" என்றான் போன வாரம். நான் தலையை ஆட்டிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் நடுவில் பேசவும் வராது. ஆனால் ஒரு கிளப் எப்படி அழியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பது வயதில் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன்.

வாழவந்தியிலிருந்து மேலே ஏறினால் எங்கள் ஊர். அப்போது ஊருக்கு ஒரு கால்பந்து கிளப் இருந்தது. அப்பாதான் தலைவர். அவர் பந்தை உதைத்து யாரும் பார்த்ததில்லை. ஊர்ப் பண்டிகைக் கமிட்டிக்கு அவர் தலைவர். அதனால் கிளப்புக்கும் அவரே. இதில் வேடிக்கை ஒன்றும் இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஆட்டம் தெரிந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. சொந்த ஊர் மாரமங்கலம். எங்கள் ஊருக்கு அடுத்த எஸ்டேட்டில் மிளகு வேலைக்கு வந்தவர், அங்கேயே கூலிக்காரர்களின் லைன் வீட்டில் தங்கிவிட்டார். அவர்தான் கேப்டன்.

எங்கள் மைதானத்தைச் சொல்ல வேண்டும். மேலே ரோடு, கீழே காப்பிச் சரிவு, நடுவில் ஒரு புல்வெளி. மேல் கோலில் நின்று பார்த்தால் கீழ் கோல் கிணற்றுக்குள் இருப்பது போலத் தெரியும். அந்தச் சரிவில் மாமா ஒரு வித்தை வைத்திருந்தார். எதிராளி மறிக்க வந்தால் பந்தை அவன் தலைக்கு மேலே, மேட்டுப்பக்கம் தட்டிவிட்டுச் சும்மா நிற்பார். அவன் திரும்பி மேலே ஓடுவான். பந்து தரையில் விழுந்து, சரிவில் உருண்டு, அவன் காலுக்குள் புகுந்து மாமாவிடமே வந்து சேரும். "அவன் மேல ஓடறப்ப நாம கீழ நிக்கோணும். அவ்வளவுதான் கண்ணு ஆட்டம்" என்பார் என்னிடம். அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் அணிகளுக்கு முதல் பாதியிலேயே நாக்குத் தள்ளிவிடும். சொந்த மைதானத்தில் நாங்கள் தோற்றதாக எனக்கு நினைவில்லை.

அப்படி எங்களிடம் தோற்றுப்போன ஒரு நாளில்தான் அடிவாரத்துக் குப்பனூர் அணியோடு வந்த பெரியவர் ஒருவர், துண்டால் முகத்தைத் துடைத்தபடி அப்பாவிடம் கேட்டார்:

"ஏனுங்க தலைவரே, இது கிரவுண்டுங்களா, கூரைங்களா? ஓடு மாத்த ஏறுன மாதிரி இருக்குதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் சேர்ந்து சிரித்ததுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வாரமே கமிட்டி கூடியது. மைதானத்தைச் சமமாக்குவது, அதற்கு வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வருவது என்று முடிவானது.

மாமா ஒருவர்தான் வேண்டாம் என்றார். "சரிவை எடுத்துப்புட்டா நம்மகிட்ட வேற என்னங்க இருக்குது மச்சான்? சமதரையில ஓடறதுக்குக் கீழ்நாட்டுப் பசங்களே போதுமுங்க."

"மாப்ள, ஊரே சிரிக்குது. கிரவுண்டுன்னா கிரவுண்டு மாதிரி இருக்கோணும்" என்றார் அப்பா.

மேல் பாதியை வெட்டி அந்த மண்ணைக் கீழ்ப் பாதியில் கொட்டினார்கள். பந்து பட்டுத் தெறிக்கிறது என்று கீழ் ஓரத்தில் நின்ற சில்வர் ஓக் மரங்களை வெட்டினார்கள். ரோட்டில் வரும் மழைத்தண்ணீரை வாங்கி ஓரமாகக் கொண்டுபோகும் வாய்க்கால் ஒன்று மேல் பக்கம் இருந்தது. பந்து அதில் விழுகிறது என்று அதையும் மூடினார்கள். தங்கள் காப்பித் தோட்டத்தில் ஒரு வாய்க்கால் அடைத்துக்கொண்டால் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு மண்வெட்டியோடு ஓடுகிறவர்கள் எல்லோரும். அவர்கள்தான் பாட்டுப் பாடிக்கொண்டு மூடினார்கள். நானும் இரண்டு கூடை மண் கொட்டினேன்.

"உங்க தோட்டத்து வாய்க்காலை இப்படி மூடுவீங்களா மச்சான்?" என்று மாமா கேட்டார்.

"இது தோட்டமில்ல மாப்ள. கிரவுண்டு" என்றார் அப்பா. மாமாவைத் தவிர எல்லோருக்கும் அது நல்ல பதிலாகப் பட்டது.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் கேப்டன் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்று கமிட்டிக்குத் தோன்றியது. அதோடு பண்டிகையில் எந்தப் பங்காளி வகையறாவுக்கு எந்த முறை என்று இருக்கிறதோ, அதே போல அணியிலும் ஒவ்வொரு வகையறாவுக்கும் இத்தனை பேர் என்று பிரித்தார்கள். கோல்கீப்பர் வேலை பூசாரி வகையறாவுக்குப் போனது. அவர்கள் வீட்டில் கண் நன்றாகத் தெரிந்த ஆளுக்கு அந்த வருஷம் முறை இல்லை. வெளியூர்க்காரரான மாமாவுக்கு எந்த முறையிலும் இடம் வரவில்லை.

புது மைதானத்தின் முதல் ஆட்டத்துக்குக் குப்பனூர் அணியையே அழைத்தார்கள். சிரித்த வாய்க்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஐப்பசி மாதம். நாலு நாள் விடாமல் பெய்த மழை, ஆட்டத்தன்று காலையில் வெளுத்துவிட்டது. நான் அதிகாலையிலேயே போய் மைதானத்தைப் பார்த்தேன். கண்ணாடி போல இருந்தது. கீழ் கோலுக்குப் பின்னால் மட்டும் தரையில் ஒரு கோடு ஓடியது. குச்சியை விட்டுப் பார்த்தேன். குச்சி முழுவதும் உள்ளே போனது.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா வந்தார், குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கோட்டுக்கு மேலேயே நின்று குதித்தார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

"அசையுதா?"

"இல்லீங்கப்பா."

"புது மண்ணு. வெயில் பட்டா வெடிக்கத்தான் செய்யும். எவங்கிட்டயும் போய் ஓதாத" என்றார். காலால் மண்ணைத் தள்ளிக் கோட்டை மூடினார். பிறகு அங்கேயே பெஞ்சுகளைப் போடச் சொன்னார். பெண்களும் விருந்தாளிகளும் உட்கார்ந்து பார்க்க அதுதான் நல்ல இடம் என்றார். மத்தியானம் அம்மா என் தங்கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும்.

பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் மூன்று கோல் பின்னால் இருந்தோம். சமதரையில் எங்கள் ஆட்கள் படிக்கட்டு இல்லாத இடத்தில் படி இறங்குகிறவர்கள் போல் தடுமாறினார்கள். மாமா ரோட்டோரம் தனியாகக் குந்தியிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் காலையில் நடந்ததைச் சொன்னேன். 'எவங்கிட்டயும்' என்றதில் மாமாவும் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

மாமா சிரிக்கவில்லை. "குச்சி எவ்வளவு தூரம் போச்சு கண்ணு?"

கையை விரித்துக் காட்டினேன்.

"அப்பங்கிட்ட சொன்னயா?"

"சொன்னேன் மாமா."

"என்ன பண்ணாரு?"

"குதிச்சுக் காட்டுனாரு. மூணு தடவை. ஒண்ணுமே ஆகலை" என்றேன் பெருமையாக.

மாமா எழுந்து ஓரமாகவே நடந்து கீழே போனார். பெஞ்சுக்குப் பின்னால் குனிந்தார். அப்பா மூடிய மண் உள்ளே இறங்கியிருந்தது. அந்தக் கோடு இப்போது மைதானத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போயிருந்ததாம். அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது நான் பார்த்ததெல்லாம் மாமா நிமிர்ந்து அம்மாவை ஒரு முறையும், கமிட்டியோடு நின்றிருந்த அப்பாவை ஒரு முறையும் பார்த்ததைத்தான். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

விசில் ஊதினார்கள். மாமா நேராக நடுக்கோட்டுக்குப் போய்ப் பந்தைக் கையில் எடுத்தார். "டேய், டேய்" என்று சத்தம். அப்பா ஓடிவந்து குறுக்கே நின்றார். மாமா அப்பாவின் தோளில் கிடந்த துண்டை வெடுக்கென்று உருவிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினார்.

அக்காள் புருஷனின் துண்டை, அதுவும் தலைவரின் துண்டை, வெளியூர்க்காரர் முன்னால் பிடுங்குவதா? அடுத்த கணம் எல்லோரும் ஓடினார்கள். ஆட்டக்காரர்கள், கமிட்டி, குப்பனூர்க்காரர்கள், எல்லோரும். "ஐயோ, ரெண்டும் அடிச்சுக்கிட்டுச் சாகப்போகுது!" என்று அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அம்மா ஓடிய பிறகு மற்ற பெண்களுக்குப் பெஞ்சில் என்ன வேலை?

குப்பனூர் கோல்கீப்பர் மட்டும் கீழ் கோலில் விழித்துக்கொண்டு நின்றான். ஓடிக்கொண்டே மாமா திரும்பிக் கத்தினார்: "ஏனுங்க கோலி! குப்பனூர்ல பொறந்தா ரோசம் இருக்காதுங்களா? வந்து புடிங்க பார்க்கலாம்!" அவனும் ஓடிவந்தான்.

நான் எல்லோருக்கும் முன்னால் ஓடினேன். என் அப்பாவை அவமானப்படுத்திய ஆள் அவர். கையில் கிடைத்த மண்ணாங்கட்டியை வீசினேன். மாமா ரோட்டில் ஏறி நின்று எங்களைத் தலை எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டி அவர் நெற்றியில் பட்டு உடைந்தது. பந்து கையிலிருந்து நழுவியது.

அது எங்கள் கால்களுக்குள் புகுந்து, மேட்டிலிருந்து இறங்கி, மைதானத்தின் நடுவே போய் நின்றது. சமதரை அல்லவா, நின்றது. புது கேப்டன் எடுக்கப் போனார். மாமா அவர் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "விடுறா!" என்று அவர் உதைத்துக்கொண்டிருக்கும்போதே நின்றிருந்த பந்து மறுபடி உருளத் தொடங்கியது. யாரும் தொடவில்லை, காற்றும் இல்லை. தானாக, கீழ் கோலைப் பார்த்து, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக.

பெரிய பெட்டியை யாரோ இழுப்பது போல ஒரு சத்தம். கீழ்ப் பாதி பெஞ்சுகளோடு, கோல் கம்பத்தோடு, அப்படியே காப்பிக்குள் இறங்கியது. தூசி கூடக் கிளம்பவில்லை, ஈர மண். பார்த்தபோது சுண்ணாம்புக் கோடு பாதியில் அறுந்து நின்றது. கோல் கம்பம் வெகு கீழே, காப்பிச் செடிகளுக்கு நடுவில், வலையோடு நேராக நின்றுகொண்டிருந்தது. பெஞ்சுகளைக் காணவில்லை.

அம்மா தங்கையை இறுக்கிப் பிடித்தபடி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமா துண்டை உதறி, மடித்து, அப்பாவின் தோளில் போட்டார். அப்பா அதைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் கமிட்டி கூடியது. சரிந்த மண்ணைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். முதலில் பேசியது பந்தைப் பற்றி. நடுவில் ஆட்டத்தை நிறுத்தியது எங்கள் ஆள் என்பதால் வெற்றி குப்பனூருக்கு என்று எழுதியாயிற்று. "ஏம்பா அப்படிப் பண்ணுன?" என்று மாமாவைக் கேட்டார்கள். நெற்றியில் கட்டுப் போட்டிருந்தார்.

"தோக்கறத பாக்க முடியலீங்க. ஆத்திரம். தப்புத்தானுங்க" என்றார் மாமா.

"அந்தச் சாமி புண்ணியத்துல உன் கிறுக்கு எங்களக் காப்பாத்துச்சு. ஆனா மரியாதை மரியாதைதான்" என்றார் ஒருவர். வேறொருவர், வெடிப்பு ஏதும் முன்னாலேயே யார் கண்ணிலாவது பட்டதா என்று கேட்டார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். நான் கால் விரலைப் பார்த்துக்கொண்டேன்.

"யாரும் பாக்கலீங்க" என்றது மாமாதான்.

இனி ஆயுசுக்கும் மாமா கிளப்பில் ஆடக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அப்பாவும் கையைத் தூக்கினார். மற்றவர்களை விடக் கொஞ்சம் தாமதமாக. அடுத்த மாதம் மாமா எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு மாரமங்கலத்துக்கே போய்விட்டார். மீதிப் பாதி மைதானம் எந்த வகையறாவின் பொறுப்பு என்ற வழக்கு தீரும் முன்பே அங்கே கிளப் என்று ஒன்று இல்லாமல் போனது.

ஒரு வார்த்தை மாமா கத்தியிருந்தால் போதுமே என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். கத்தியிருந்தால் அப்பா என்ன செய்திருப்பார் என்று எனக்கு இப்போது தெரியும். கமிட்டி முழுவதையும் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கோட்டின் மேல் நின்று குதித்துக் காட்டியிருப்பார்.

அன்றைக்குத் தெரியவில்லை. கமிட்டி முடிந்து வந்து படுத்தபோது, மாமாவே தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். நான் வீசிய மண்ணாங்கட்டி சரியான இடத்தில்தான் பட்டிருக்கிறது என்ற நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன்.