வெள்ளிமலையில் முடிவான இங்கிலாந்து நோட்டீஸ்

காலை 10.50. கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினேன். ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். மேலை நாடுகளின் அடையாள அரசியல் பற்றி மூன்று கட்டுரை எழுதிய களைப்புக்கு மலைக்காற்று தேவைப்பட்டது. அந்த நாடுகளை நான் பார்த்ததில்லை. என் பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியானது.

பக்கத்தில் நைனார்பாளையத்து விவசாயி கலியமூர்த்தி. மலைச் சாமை வாங்கப் போகிறார். கச்சிராயபாளையம் வருவதற்குள் என் கட்டுரைகளின் பெருமையை நானே சொல்லி முடித்திருந்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகள் தேன்மொழி இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் நர்ஸ். அங்கே கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறாளாம்.

"நோட்டீஸ்ல இன்னா போடறதுன்னு ரோசன சார். பொடவ கட்டிக்கினு 'இந்தியர்களின் குரல்'னு போடச் சொல்றாங்க கட்சிக்காரங்க. எம் பொண்ணு, அந்த ஊருக்கு நின்னுபோன பஸ்ஸ திரும்ப வுடச் சொல்லிப் போடறேன்னுது. இன்னிக்கே அச்சுக்குப் போவுதாம். நீங்க சொல்லுங்க."

மலை வளைவுகளிலும் என் வாய் ஓயவில்லை. அங்கே இப்போது அடையாளம்தான் ஓட்டு, புடவையே சரி என்று தீர்ப்பளித்தேன்.

12.40. வெள்ளிமலை. டீ பன்னிரண்டு ரூபாய், காற்று இலவசம். தேன்மொழி அழைத்தாள், அங்கே காலை எட்டு மணி. கலியமூர்த்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"இங்க ஒரு சார் கீறாரு. வெளிநாட்டு அரசியல்லாம் அத்துப்படி. பொடவதான்றாரு."

"எந்த நாட்டுல இருக்காராம்?"

"சேலத்துல."

மறுமுனையில் சிரிப்பு. "நீ இன்னாப்பா சொல்ற?"

அவர் டீயைக் கீழே வைத்தார். "நான் வார்டு மெம்பருக்கு நின்னனே, நெனப்பிருக்கா? நம்ம தெரு ஓட்டு எங்க போயிடும்னு மத்த தெருவுல காலே வைக்கல. பங்காளியும் மனு குடுத்துட்டான். தெருவே ரெண்டாப் போயி தோத்தேன். அங்க நம்மாளுங்க எத்தினி வூடு?"

"பதினொண்ணு. அதுல ஒருத்தர் எனக்கு எதிரா நிக்கறாரு."

"அங்கயும் பங்காளியா. பஸ்ஸு இல்லாத வூடு?"

"எல்லாமேதான்."

"அப்ப பொடவயும் கட்டிக்கோ, பஸ்ஸயும் கேளு. ஒரு கதவு வுடாம தட்டு."

"சரிப்பா. பஸ்னே போடறேன்."

மாலை 5.15. திரும்பும் வண்டி கள்ளக்குறிச்சியை நெருங்கும்போது நோட்டீஸ் அவர் செல்போனுக்கு வந்தது. தேன்மொழிக்குப் புடவைமேல் கம்பளிச் சட்டை, பின்னால் ஆளில்லாத பேருந்து நிறுத்தம், மேலே பஸ்ஸைத் திரும்பக் கேட்கும் ஒரு வரி. வண்டி முழுக்கக் காட்டினார். நடத்துனர் உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த ஸ்டாப்புக்கு எத்தினி நாளா வண்டி வர்ல?" என்று விசாரித்தார். மற்றவர்களும் விவரம் கேட்க ஆரம்பித்தார்கள்.

சேலத்தில் என் கவுன்சிலருக்கு நான் ஓட்டுப் போட்டது, தூரத்துச் சொந்தம் என்பதால். அவரிடம் இதுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை.