கறுப்பு ஜன்னலுக்குள் மைக் அக்கா

அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யார் வீட்டுப் பிள்ளை தொலைந்துபோய் விசாரணை அறையில் அழுதுகொண்டிருக்கிறது என்றெல்லாம் பேருந்து நிலையத்து மாடியறையில் உட்கார்ந்து அறிவிப்பது அவள் வேலை. அதனால் மைக் அக்கா. முகத்தைப் பார்த்து அவளை அடையாளம் கண்டவர்கள் குறைவு. கடையில் போய் அரைக் கிலோ வெங்காயம் என்று கேட்டால் போதும், கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று யோசிப்பார். அக்கா சொல்லமாட்டாள். அந்தத் திணறலைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு குஷி.

அந்த மாடியறையில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். மூன்று ஷிஃப்ட் ஆட்களும் அதில்தான் குடித்தனம். ஒருத்தர் தன் மெயிலை மூடாமல் போக, அடுத்தவர் படித்துவிட, அது குடுமிப்பிடிச் சண்டையாகி முடிந்தது. அன்றிலிருந்து மேலதிகாரி ஒரு கட்டளை போட்டார். இணையத்தில் எதைப் பார்த்தாலும் உலாவியின் 'இன்காக்னிட்டோ' என்கிற கறுப்பு ஜன்னலில்தான் பார்க்க வேண்டும். மூடினால் உள்ளே செய்தது எல்லாம் அழிந்துவிடும், யாருக்கும் சுவடு கிடைக்காது. மற்றவர்கள் நாலு நாளில் மறந்துவிட்டார்கள். அக்கா பிடித்தால் பிடித்ததுதான். வீட்டு லேப்டாப்பிலும் கறுப்பு ஜன்னலைத் தவிர வேறு எதையும் திறந்ததில்லை. சட்னி எப்படி அரைப்பது என்பதைக்கூட ஒளிந்து பார்க்கிறவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான் என்று அவள் வீட்டுக்காரர், மாமா, கேலி செய்வார்.

இந்த விஷயம் அவள் தம்பிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மத்தியானம் வந்திருக்காது.

தம்பிக்கு இணையப் பக்கங்கள் செய்து கொடுக்கிற வேலை. பிறவியிலேயே பயந்த சுபாவம். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். அக்காவின் தொண்டையில் இருக்கும் கட்டியோடு குரல்வளையையும் எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அவனுக்குத்தான் பேச்சு நின்றுபோனது. அக்கா கீறல் விழுந்த குரலில், "இத்தனை வருஷம் ஊருக்கே பேசியாச்சு, போதும்டா" என்றாள்.

அவன் அவளுக்காக ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தான். ஒரு தலைப்பை எழுதி, சிவப்புப் பொத்தானை அழுத்திப் பேச வேண்டும். பேசியது அந்த உலாவிக்குள்ளேயே பதிந்துகொள்ளும். பிறகு தலைப்பைத் தொட்டால் அவள் குரல் அவளுக்காகப் பேசும். அறுவை சிகிச்சை வரை ஒவ்வொரு சாயங்காலமும் அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். யாரையும் உள்ளே விடவில்லை. பேசி முடித்ததும் லேப்டாப்பைச் சார்ஜில் போட்டு மூடியை மட்டும் சாத்துவாள், ஜன்னலை மூடமாட்டாள். பாதி வேலையில் எதையும் மூடக் கூடாது என்பது அவள் கணக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு மத்தியானம், பதிவுகளை அவள் கைப்பேசிக்கு மாற்றித் தருவதற்காகத் தம்பி வந்தான். கழுத்தில் கட்டோடு அக்கா லேப்டாப்பைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். காலையிலிருந்து கரண்ட் இல்லை. பேட்டரி சிவப்புக்கு வந்திருந்தது.

அவன் பார்த்தது பேட்டரியை அல்ல. ஜன்னலின் நெற்றிக் கறுப்பை.

கறுப்பு ஜன்னல் எதையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளாது. ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படவில்லை. இத்தனை நாள் அவள் பேசியதெல்லாம் அந்த இயந்திரத்தின் நினைவில் மட்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஜன்னலை மூடினால் போயிற்று. மிஷின் அணைந்தாலும் போயிற்று. அந்தத் தொண்டையிலிருந்து இனி இன்னொரு பதிவு வராது.

பதிவுகளை நிரந்தரமாக வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று உலாவியிடம் கேட்கும் வரியைத் தம்பி எழுதத்தான் எழுதியிருந்தான். கேட்டான், பதிலைப் படிக்கவில்லை. உலாவி முடியாது என்று சொல்லியிருக்கிறது. அதை அக்காவுக்குத் திரையில் காட்ட அவன் ஒரு வரிகூட எழுதவில்லை. பூட்டைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவன், இந்த ஒரு பூட்டை இழுத்துப் பார்க்காமல் போய்விட்டான்.

மாமா எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, மாட்டிக்கிச்சா? மூடிட்டுத் திறந்தா சரியாயிடும்" என்று விரலை நீட்டினார்.

தம்பி கத்தினான். அவன் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மாமாவின் விரல் அந்தரத்திலேயே நின்றது. பிறகு அவன் விஷயத்தைச் சொன்னான். மாமாவுக்கு முழுதாகப் புரியவில்லை, அவசரம் மட்டும் புரிந்தது. தெருமுனை மருந்துக்கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றார். அக்கா லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் காட்டினாள். பேட்டரியின் கொக்கி என்றைக்கோ உடைந்து, ஒட்டுநாடாதான் தாங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் குலுங்கினாலும் அணைந்துவிடும். அப்படியென்றால் யார் வீட்டிலாவது கரண்டைச் சேமித்து வைத்திருக்கிறார்களா பார்க்கிறேன் என்று மாமா செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

பதிவுகளை வெளியே எடுக்க அந்தப் பக்கத்தில் பொத்தானே கிடையாது. அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். இப்போது ஜன்னலை மூடாமல், அதன் அடிவயிற்றைத் திறந்து, கையாலேயே கட்டளை எழுதி ஒவ்வொன்றாக ஹார்ட் டிஸ்க்குக்கு இறக்க வேண்டும். ஒரு அடைப்புக்குறியை விட்டுவிட்டு எழுதினான். சிவப்பாகப் பிழை காட்டியது. அழித்து எழுதினான். விரல் நுனி வியர்த்து, விசை வழுக்கியது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்தான், வைஃபையை அணைத்தான். எங்கே குறைத்தால் இன்னும் கொஞ்சம் உயிர் மிஞ்சும் என்று எண்ணியெண்ணிக் குறைத்தான்.

தலைப்புகள் வரிசையாக வந்து நின்றன. அவன் அக்காவைப் பார்த்தான். "எல்லாம் வருமான்னு தெரியலக்கா. எது முதல்ல வேணும், காட்டு."

அக்கா திரையருகே குனிந்தாள். தண்ணீர் கேட்பதை அவள் தொடவில்லை, வலிக்கிறது என்பதையும் தொடவில்லை. மகளைப் பள்ளிக்கு எழுப்புவதைத் தொட்டாள். மகளைத் திட்டுவது, அதுவும் மூன்று விதமாக இருந்தது, மூன்றையும் தொட்டாள். அப்புறம் மகளுக்குக் கல்யாணம் என்று ஒன்று. அந்தப் பெண்ணுக்கு இன்னும் பல் விழுந்து முளைத்து முடியவில்லை. ஒவ்வொரு கோப்பும் இறங்குகிற நேரத்தில் தம்பி பேட்டரி அளவைப் பார்த்துக்கொண்டான். நடுவில் உலாவி, இத்தனை கோப்புகளை இறக்க அனுமதிக்கலாமா என்று நிதானமாகக் கேட்டது. 'ஆம்' என்பதை அழுத்தப் போன சுட்டி, 'இல்லை' என்பதன் விளிம்பு வரை போய்த் திரும்பியது.

பட்டியலில் 'தம்பிக்கு' என்று ஒன்று இருந்ததை அவன் முதலிலேயே பார்த்துவிட்டான். அக்காவின் விரல் அதைத் தாண்டி மாமாவுடையதற்குப் போனது. பிறகு பேருந்து நிலையத்து ஆட்களுக்கு என்றிருந்ததற்கு. தண்ணீர், வலி, கழிப்பறை எல்லாம் இறங்கின. கடைசியாக விரல் 'தம்பிக்கு' மேல் வந்து நின்றது. அவன் அழுத்தினான்.

திரை இருண்டது. லேப்டாப்பின் உள்விசிறியின் மெல்லிய இரைச்சல் நின்றது. அந்த அறையில் இத்தனை நேரம் ஒரு சத்தம் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் கரண்ட் வந்தது. மாமா யாருடைய பேட்டரியையோ கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். உள்ளே வர அவருக்குத் தைரியம் இல்லை. தம்பிக்கும் பொத்தானை அழுத்தத் தைரியம் இல்லை. அக்காதான் அழுத்தினாள். கறுப்பு ஜன்னல் போயிருந்தது. இறக்கியவை இருந்தன. கடைசி ஒன்று மட்டும் இல்லை.

"அதுல என்னக்கா சொன்ன?"

அவள் எழுதுபலகையை மடியில் இழுத்து வைத்து எழுதினாள். 'பயந்து சாகாதேன்னு திட்டினேன். எழுதினா ரொம்ப நீளும்.'

கோப்புகள் இருந்தால் போதாது, பேச வேண்டும். உள்ளே வெறும் காற்று இருந்தால்? கண்ணை மூடிக்கொண்டு, மகளை எழுப்புவதைத் தட்டினான். அக்காவின் குரல் அறைக்குள் வந்தது. எழுந்திரு, வண்டி வந்திடும் என்றது. பிறகு நிறுத்தப் பொத்தானை மறந்துவிட்டதுபோல, நாற்காலி நகர்கிற சத்தம். இன்னும் கீறல் விழுந்து, தனக்குத்தானே, "பதிவாகுதா இல்லையான்னே தெரியல. இந்தப் பய என்னத்தச் செஞ்சு வெச்சிருக்கானோ."

தம்பிக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்துக் கட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, அக்கா இன்னொரு கையின் விரலைச் சுற்றிக் காட்டினாள், மறுபடி போடு என்று.