அம்மாவுக்கு நான் வைத்த ஜெர்மன் டெஸ்ட்

அப்பாவுக்குத் திருவெறும்பூர் தொழிற்சாலையில் ஷிப்ட், நர்ஸான அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட், எனக்குப் பாலக்கரை வீடு. ஜெர்மனியில் வேலைக்குப் போக அம்மா ஆன்லைனில் ஜெர்மன் படிக்கத் தொடங்கியபின், வீட்டில் இருக்கும் நேரத்திலும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். நாலாம் வகுப்புக்காரியான நான் வெளியே தரையில் உட்கார்ந்து உள்ளே கேட்கும் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பேச வேறு ஆள் கிடையாது.

ஜெர்மனியும் அப்பாவின் தொழிற்சாலை மாதிரி, போய்விட்டு ராத்திரிக்குள் திரும்புகிற இடம் என்றே நினைத்திருந்தேன். இந்தப் பாழாய்ப்போன படிப்பு முடிந்தால் போதும், அம்மா எனக்குத் திரும்பக் கிடைப்பாள். ஆனால் அவள் முதல் முறை ஃபெயிலாகிவிட்டாள். இனி சும்மா இருந்தால் ஆகாது என்று நானே டெஸ்ட் வைக்க ஆரம்பித்தேன்.

அவளைப் படுத்தியது ஆங்கிலத்தின் 'பிக் அப்'. கீழே விழுந்ததை எடுப்பதும் அதுதான், போனை எடுப்பதும் அதுதான், ஒருவரைப் போய்க் கூட்டி வருவதும் அதுதான். ஜெர்மன்காரர்களோ ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்து உயிரை வாங்கினார்கள். நான் நடித்துக் காட்டினேன். ஸ்பூனைக் கீழே போட்டேன், "அவ்ஃப்ஹேபன்" என்றாள். போனைக் காட்டினேன், "ஆப்நேமன்" என்றாள். ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆப்ஹோலன்மா! இதுகூடத் தெரியலையா? மறுபடியும் ஃபெயில்தான் போ."

"மறந்துடுச்சு கண்ணு. இன்னொரு தடவ நில்லேன்."

நின்றேன். வந்து என்னைத் தூக்கிக்கொண்டாள். மறுநாளும் மறந்தாள், அதற்கடுத்த நாளும். எந்த நோயாளிக்கு எத்தனை மாத்திரை என்று பார்க்காமல் சொல்லுகிறவளுக்கு இது மண்டையில் ஏறவில்லையே என்று எரிச்சலாக வந்தது.

ஒருவழியாகப் பாஸானாள். தெரு முழுக்க லட்டு கொடுத்து, நான்தான் பாஸ் பண்ண வைத்தேன் என்று பீற்றிக்கொண்டேன். எதிர்வீட்டு அத்தை லட்டை வாயில் போடாமல் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். அவர் மகன் அந்த வருஷம் பிளஸ் டூவில் ஃபெயில். பாவமாக இருந்தது.

"அழாதீங்க அத்தை," என்றேன். "அண்ணனுக்கும் நானே டெஸ்ட் வைக்கிறேன்."