பூக்கட்டிப் பார்த்த நாடு

போன வாரம் எதிர்வீட்டுக்காரி வந்தாள். தன் மகளைப் படிக்க அனுப்பக் கனடாவா, ஆஸ்திரேலியாவா என்று பூக்கட்டிப் பார்க்கப் போகிறாளாம், பொட்டலத்தை நான்தான் கட்டித் தரவேண்டுமாம். "டீச்சர், நீங்க கட்டுனா சரியா வரும். ஒங்க மகளுக்குக் கட்டுனீகள்ல, இன்னைக்கு அது சிங்கப்பூர்ல ராணியாட்டம் இருக்கு" என்றாள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. பிள்ளை போகிற நாட்டைப் பிள்ளையிடம் கேட்காமல் அரளிப்பூவிடமா கேட்பாய் என்று கத்திவிட்டேன். பாவம், முகம் சுண்டிப்போய்த் திரும்பினாள். அவளுக்கு என்ன தெரியும்? நான் திட்டியது என்னைத்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தில் மனம் இரண்டுபட்டால், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் என்று வாழையிலையில் மடித்து, நாரால் கட்டி, அம்மன் முன்னால் போடுவோம். அங்கே நிற்கிற சின்னக் குழந்தை எதையாவது கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். அதில் எந்தப் பூவோ அதுதான் அம்மன் வாக்கு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே ஊருணிக் குளத்தில் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வழக்கம் எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காரைக்குடியிலிருந்து தினமும் பஸ். மகள் பத்தாவது படிக்கும்போது அவள் அப்பா சமையலறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் நானும் அவளும்தான்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம். ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறினால் இறங்கமாட்டாள். எந்த வண்டி எந்தத் தண்டவாளத்துக்கு மாறும் என்று சொல்லிக்கொண்டே நிற்பாள், எனக்குக் கால் கடுக்கும். இன்ஜினியரிங் முடித்ததும், ரயில் பாதையும் சிக்னலும் பற்றி மேலே படிக்க ஜெர்மனிக்குத்தான் போவேன் என்றாள். உலகத்தில் எத்தனையோ நாடு இருக்க அது ஏன் என்று கேட்டேன். ஒரு நோட்டில் இரண்டு பக்கம் எழுதி நீட்டினாள். அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கிடையாது. வகுப்பில் படித்ததை வெளியே வந்தால் தண்டவாளத்திலேயே பார்க்கலாம். படிப்பு முடிந்தபின் வேலை தேட அவகாசம் தருகிறார்கள். கடைசியாக, 'அங்கே என்னை யாருக்கும் தெரியாது, அது எனக்குப் பிடித்திருக்கிறது' என்று எழுதியிருந்தாள். அந்த வரியை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவளோ ஒரு வருஷம் அந்த நாட்டு மொழியைப் படித்து, குக்கர் விசிலைக்கூட அதிலேயே எண்ணிக்கொண்டிருந்தாள். இடமும் கிடைத்துவிட்டது.

என்னிடமும் காரணங்கள் இருந்தன. சிங்கப்பூரில் என் தம்பி இருக்கிறான். திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரம். தமிழ் காதில் விழும், கோயில் இருக்கிறது, கறிவேப்பிலை கிடைக்கும். எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு அது பக்கத்துத் தெரு மாதிரி. தம்பியே அங்கே ஒரு கல்லூரியில் வணிக மேலாண்மைக்கு இடம் பார்த்து வைத்தான். இத்தனையும் அடுக்கிய நான், உண்மையான காரணத்தை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. எனக்குத் தனியாக இருக்கப் பயம். அவர் விழுந்த மாதிரி நானும் ஒருநாள் விழுந்தால் அவள் வந்து சேர எத்தனை மணி நேரமாகும் என்றே மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

பதினைந்து நாள் சண்டை. கடைசியில் நான்தான் பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன். அம்மன் என்றால் அவளுக்கு உயிர், ஆத்தா என்றுதான் சொல்வாள். சிவப்பு வந்தால் ஜெர்மனி, வெள்ளை வந்தால் சிங்கப்பூர், அதற்குமேல் பேச்சில்லை என்று ஒப்புக்கொண்டாள். அவளே போய் இரண்டு நிற அரளியும் பறித்து வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் பொட்டலம் கட்ட உட்கார்ந்தேன். வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது, இரண்டில் ஒன்று என்றால் அரைக்கு அரை என்று எத்தனை வருஷமாக எழுதிப்போடுகிறேன்! அந்த அரையைக்கூட என் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. இரண்டிலும் வெள்ளையையே வைத்துக் கட்டினேன். சிவப்பைப் பால் கவருக்குள் திணித்துக் குப்பையில் போட்டு, மேலே வாழைக்காய்த் தோலைக் கொட்டினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நான்தான்.

கோயிலில் ஒரு குட்டிப் பெண் எடுத்துக் கொடுத்தாள். பிரித்தேன். மகள் அந்த வெள்ளைப் பூவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. குங்குமத்தை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, "சரிம்மா, போவோம்" என்றாள். இன்னொரு பொட்டலத்தை நானே எட்டி நடந்துபோய் ஊருணியில் எறிந்தேன். அன்று மத்தியானமே ஜெர்மனிக்கு வரவில்லை என்று எழுதி அனுப்பினாள். அந்த நோட்டு அடுத்த வாரம் பழைய பேப்பரோடு எடைக்குப் போயிற்று.

ஆறு வருஷமாகிறது. படித்தாள், கப்பலில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், தினமும் போன் பண்ணுகிறாள். குறை என்று ஒன்றும் சொன்னதில்லை. போன மே மாத விடுமுறையில் அவளிடம் போயிருந்தேன். அங்கே டிரைவர் இல்லாத ரயில் ஓடுகிறது, முன்பக்கக் கண்ணாடி வழியாகத் தண்டவாளம் தெரியும். என்னை உட்காரவைத்துவிட்டு, அவள் போய் அந்தக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். சுரங்கத்துக்குள் தண்டவாளம் பிரிகிற இடம் வரும்போதெல்லாம் வாய் எதையோ முணுமுணுத்தது. இறங்கவேண்டிய ஸ்டேஷன் தாண்டிப் போயிற்று, அவளுக்குத் தெரியவே இல்லை. பாவி நான், மேம்பாலத்தில் நின்ற அந்தப் பிள்ளையை என்ன செய்துவைத்திருக்கிறேன்! இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து பக்கத்தில் போனேன்.

"பாப்பா, அன்னைக்கு அந்தப் பூவு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் திரும்பவில்லை. "நானும் அதைத்தாம்மா நெனச்சுக்கிட்டு நிக்கிறேன். நீ தடுத்திருந்தா ஒன்னைய ஆயுசுக்கும் மன்னிச்சிருக்க மாட்டேன். ஆத்தாவே வேண்டாம்னு சொன்னதுனாலதான் என் மனசு ஆறுச்சு. அங்குட்டுப் போயிருந்தா எனக்கு என்னமோ கெடுதல் நடந்திருக்கும், அதான் தடுத்திருக்கா. இல்லையாம்மா?"

கண்ணாடியில் தெரிந்த அவள் முகம் என் பதிலுக்காகக் காத்திருந்தது.

"ஆமா பாப்பா" என்றேன்.