மூன்று பேருக்கு அளந்த மளிகை

அன்புச்செல்வன் மைதா மாவை வீசுவதைப் பார்த்தவர்கள் அவனைக் கொஞ்சம் பெரிய ஆள் என்றுதான் நினைப்பார்கள். அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். நைனார்பாளையத்தில் அப்பாவுக்கு இருந்த ஒரு ஏக்கர் மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் கரம்பாய்க் கிடந்தபோது, பதினாலு வயதில் பெங்களூருக்கு பஸ் ஏறியவன். மேசை துடைத்தான், வெங்காயம் உரித்தான், மாவு பிசைந்தான். இருபத்திரண்டு வயதில் பரோட்டா மாஸ்டர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஓட்டலில் முதலாளிகூட அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

ஓட்டல் வேலையில் ஒரு வசதி உண்டு. மூன்று வேளைச் சாப்பாடும் முதலாளி செலவு. அதிலேயே ஒரு கேடும் உண்டு. தன் வீட்டில் நான்கு பேர் ஒரு மாதம் சாப்பிட என்ன ஆகும் என்று நாற்பத்துநான்கு வயதுவரை தெரியாமலே இருந்துவிடலாம். அவன் மாதம் பன்னிரண்டாயிரம் அனுப்புவான். வீட்டுக்குத் தளம் போட்ட கடனுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் போக, மூவாயிரம் மிஞ்சும். அந்த மூவாயிரத்தில் அவன் மனைவி கமலா குடும்பம் நடத்தினாள்.

"எம் பொண்டாட்டி மாதிரி செட்டா குடும்பம் பண்ண ஆளு கெடையாதுடா" என்று பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு மற்றவர்களிடம் பெருமை பேசுவான். "எனக்காக செவ்வா, வெள்ளி விரதம் வேற."

பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறவனுக்கு வேறென்ன தெரியும்? அந்த நாலு நாளும் வீட்டில் கறி, மீன், வடை. ஐந்தாம் நாள் என்ன என்று பார்க்க அவன் இருந்ததே இல்லை.

கொரோனா வந்து ஓட்டலைப் பூட்டியபோது, சேலம், ஆத்தூர், சின்னசேலம் என்று வண்டி மாறி மாறி வந்து ஊர் சேர்ந்தான். முதல் இரண்டு வாரம் கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. மகள் எழில்மதி பிளஸ் டூ முடித்திருந்தாள். மகன் இளவரசன் பத்தாவது, மீசை அரும்புகிற வயது, எப்போதும் பசி. பள்ளிக்கூடம் இல்லை, மதியச் சத்துணவும் இல்லை. நான்கு பேரும் வீட்டுக்குள்ளேயே. அன்புச்செல்வன் தினமும் ஏதாவது செய்தான். ஒரு நாள் முட்டைப் பரோட்டா, ஒரு நாள் பூரி, ஒரு நாள் சேமியா பாயசம். மாலையானால் டீ, டீயோடு கடிக்க ஏதாவது. பிள்ளைகள் அப்பாவையே சுற்றி வந்தார்கள். கமலாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் எண்ணெய் டப்பாவை அடிக்கடி தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

பதினோராம் நாள் எண்ணெய் தீர்ந்தது. பதிமூன்றாம் நாள் பருப்பு. மாசியில் கரியாலூர் மலைக்காரர்களிடம் ஒரு வருஷத்துக்கென்று வாங்கி, கொட்டை எடுத்து, பானையில் அடைத்து வைத்திருந்த புளிகூட வைகாசியிலேயே பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. மளிகைக் கடை கண்ணாயிரம் சாமான் கட்டிக்கொண்டே சொன்னார்:

"உம் பொண்டாட்டி மூணு மாசத்துக்கு வாங்கறத நீ ஒரு மாசத்துல வாங்கிட்ட மாஸ்டரு. வூட்ல இன்னா ஓட்டலா வெச்சிருக்கிற?"

கடைக்காரர் கேலிக்குத்தான் சொன்னார். அன்புச்செல்வனுக்கு அது சுருக்கென்று தைத்தது. கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. முதலாளி போனை எடுப்பதில்லை. பயம் வந்தால் சில ஆண்களுக்குக் கோபமாகத்தான் வரும். இவன் அந்த வகை.

கமலாவின் அம்மா வீடு எலவனாசூர்கோட்டையில். அவள் தம்பி ஆட்டோ ஓட்டுகிறவன், அந்த ஆட்டோவும் ஓடாமல் நின்றது. ஒரு நாள் அவன் பைக்கில் வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனான். போகும்போது கையில் ஒரு பை இருந்தது. பையில் இருந்தது கொல்லையில் காய்த்த முருங்கைக்காய். அதை யாரும் அன்புச்செல்வனுக்குச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. நேராக விஷயத்துக்குப் போய்விட்டான்.

"நான் இல்லாதப்ப மூவாயிரத்துல ஓடுன வூடு, இப்ப ஒம்போதாயிரம் கேக்குது. நீ துன்றது ஒரு கை சோறு. அப்ப சாமானெல்லாம் எங்க போவுது? ஒங்க அம்மா வூட்டுக்கா?"

பிள்ளைகள் இரண்டும் அங்கேதான் உட்கார்ந்திருந்தன. எழில்மதி எதையோ சொல்ல வாயெடுத்தாள். கமலா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவனிடம் திரும்பி, சண்டை போடுகிற குரலே இல்லாமல் சொன்னாள்:

"நீங்களே அளந்து குடுத்துடுங்க. குடுக்கறத வெச்சி ஆக்கறேன்."

அவனுக்கு அது பிடித்திருந்தது. ஓட்டலில் அப்படித்தான். காலையில் ஸ்டோர்க்காரர் தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார். அதற்குமேல் ஒரு மிளகாய் வேண்டுமென்றாலும் காரணம் சொல்ல வேண்டும். அன்புச்செல்வன் பரண்மேல் கிடந்த பச்சைத் தகரப் பெட்டியை இறக்கினான். அரிசி முதல் கடுகுவரை எல்லாம் அதற்குள் போயிற்று. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். காலை ஏழு மணிக்குப் பெட்டி திறக்கும். நான்கு பேருக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, ஒன்றரைக் கரண்டி எண்ணெய். அளந்து முறத்தில் வைத்துவிட்டு, பெட்டியைப் பூட்டிவிடுவான்.

முதல் செவ்வாய்க்கிழமை அவன் அளக்கும்போது கமலா பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கு விரதங்க இன்னிக்கு."

"அப்ப மூணு பேருக்குப் போதும்" என்று ஒரு ஆழாக்கு அரிசியைத் திருப்பிப் பெட்டியில் போட்டான். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் காஸ் சிலிண்டர் தீர்ந்து போனது. அன்று அவன் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமையும் விரதமானது. பையன் பசிக்கிறது என்று அளவுக்கு மேல் இரண்டு தோசை சாப்பிட்டதற்குத் திட்டிய பிறகு கிருத்திகை சேர்ந்தது, பிரதோஷம் சேர்ந்தது, அமாவாசையும் சேர்ந்தது. அவன் ஒவ்வொரு தடவை கத்தியதற்கும் ஒரு விரதம் வந்தது என்பதை, ஒரே நேரத்தில் நாலு ஆர்டரை மனதில் வைத்துக்கொண்டு கல்லில் நிற்கிற மனுஷன், கவனிக்கவே இல்லை. ஊரே நோய்க்குப் பயந்து சாமி கும்பிடுகிற நேரம், இவளும் கும்பிடுகிறாள் என்று எடுத்துக்கொண்டான். விரதம் இருந்த இரவுகளில் அவளுக்குப் பாலில்லாத டீ. மறுநாள் காலை, பிள்ளைகள் தட்டில் மிஞ்சியது ஏதாவது.

பெட்டிக் கணக்கு நன்றாக நடந்தது. இரண்டாம் மாதத்தில் செலவு பாதியாகக் குறைந்தது. "பாத்தியா, கட்டுப்பாடு வேணும்" என்றான். அவள் ஆமாங்க என்றாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை பதினோரு மணி. ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு ஆளாக நிற்க வைத்திருந்தார்கள். கமலா ஏழாவது வட்டத்தில் நின்றாள். நின்றவள் அப்படியே மடிந்து விழுந்தாள். கொரோனா என்று யாரோ கத்த, முன்னாலும் பின்னாலும் இருந்த வட்டங்கள் காலியாயின. இவர்கள் தெருப் பச்சையம்மாள் மட்டும், வந்தால் வரட்டும் என்று ஓடிப்போய் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். 108 வந்து கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள்.

கொரோனா இல்லை என்று இரண்டு நாளில் தெரிந்தது. அன்புச்செல்வன் குலதெய்வத்துக்குக் கையெடுத்துக் கும்பிட்டான். அதற்குள் டாக்டரம்மா கையில் ஒரு சீட்டோடு வந்தார்.

"ரத்த அளவு ஆறுகூட இல்ல. இப்படி எப்படி நடமாடினாங்க? இவங்க என்ன சாப்பிடுறாங்க?"

"விரதம் ஜாஸ்திங்க மேடம். சாமி பக்தி. எங்களுக்காகத்தான் இருக்கறா" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் பெருமை இருந்தது. அதை நினைத்துப் பிற்பாடு எத்தனையோ தடவை அவன் கூசியிருக்கிறான்.

"எத்தனை நாள் விரதம்?"

அவன் விரல் விட்டு எண்ணினான். செவ்வாய், வெள்ளி, சனி. கிருத்திகை. பிரதோஷம் இரண்டு. அமாவாசை, பௌர்ணமி. ஏகாதசி இரண்டு. எண்ணிக்கொண்டே போனவன் பாதியில் நிறுத்திவிட்டான். டாக்டரம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வெளியே வேப்பமரத்தடியில், கூட வந்தவர்கள் உட்காரும் இடத்தில், எழில்மதி அழுது முடித்த முகத்தோடு இருந்தாள்.

"அம்மா வெளக்கு ஏத்தி நீ பாத்திருக்கியாப்பா?" என்று கேட்டாள். "கோயிலுக்குப் போய்ப் பாத்திருக்கியா? வெளக்குன்னா நான்தான் ஏத்தணும்."

"இன்னாம்மா சொல்ற?"

"நீ பெங்களூருல இருந்தப்பவும் இதே கததான். அஞ்சாந்தேதி செவ்வாக்கெழம வந்தா அம்மா துன்னும். இருவத்தஞ்சாந்தேதி வந்தா விரதம்னு சொல்லும். மாசக் கடைசியிலதான் சாமிக்கு நாள் ஜாஸ்தியா வரும். மத்த நாள்ல களை எடுக்கற எடத்துல குடுக்கற கூழக் குடிச்சிக்கும். இந்த வருஷம் அந்த வேலையும் இல்ல."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அப்பா அங்க கவலப்பட்டுக்கினு நெருப்புல நிக்கும், சொல்லக் கூடாதுன்னுச்சி."

அன்புச்செல்வனுக்கு அரைஞாண் கயிற்றில் சாவி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. சம்பளமே வராத அந்த வருஷத்தில் எல்லா நாளும் மாசக் கடைசிதான். அவள் விரதம் இருந்த ஒவ்வொரு நாளும், தன் கையாலேயே அவள் பங்கைத் திருப்பிப் பெட்டியில் போட்டிருக்கிறான். பத்து வருஷமாக ஓட்டலில் பீற்றிக்கொண்ட சிக்கனம் எதில் பிடித்த சிக்கனம் என்று அப்போதுதான் புரிந்தது. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல், பெண் பக்கத்தில் இருக்கிறாள் என்றும் பார்க்காமல், வாய்விட்டு அழுதான்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். அவனே சமைத்தான். பொன்னி அரிசிச் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, அவித்த முட்டை இரண்டு. தட்டை அவள் முன்னால் வைத்தான்.

"இன்னிக்கு செவ்வாக்கெழமங்க" என்றாள் கமலா, பழக்கத்தில்.

"தெரியும். துன்னு."

அவள் சாப்பிட்டாள். ஆனால் நாலு வாய்க்குமேல் போகவில்லை. எதிர்த்து எதிர்த்து வந்தது. வருஷக்கணக்கில் சுருங்கிய வயிறு, ஒரு நாள் மனுஷன் திருந்திவிட்டான் என்பதற்காக விரிந்துவிடுமா? முட்டையை எடுத்து மகன் தட்டில் வைக்கப் போனவள், அன்புச்செல்வன் பார்க்கிறான் என்று கையை இழுத்துக்கொண்டாள். சாவியைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். "இனிமே இத நீயே வெச்சிக்க" என்றான். அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தை பிறந்த பிறகு முதலாளி கூப்பிட்டார். பாதிச் சம்பளம், இஷ்டமிருந்தால் வா என்றார். தளத்துக் கடன் நின்றிருந்தது, மகளை நர்சிங் சேர்க்க வேண்டியிருந்தது. போனான். போகும்போது இரண்டு மாதத்துக்கு மளிகை வாங்கிப் போட்டுவிட்டுத்தான் போனான். தினமும் மதியம் மூன்று மணிக்கு, கூட்டம் ஓய்ந்ததும், போன் செய்வான். அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

பங்குனியில் ஒரு நாள் அப்படித்தான் கூப்பிட்டான்.

"துன்னியா?"

"துன்னுட்டேங்க."

"இன்னா கொழம்பு?"

"கத்திரிக்கா கொழம்பு. முட்ட ஒண்ணு."

"எழிலு கிட்ட குடு."

போன் கை மாறியது. அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று கேட்டான். தண்ணீர் பிடிக்க வெளியே போய்விட்டாள் என்றாள் பெண்.

"இன்னா கொழம்பும்மா இன்னிக்கி?"

"கொழம்பு இல்லப்பா. ரசம்" என்றாள் எழில்மதி. "அம்மாவுக்கு விரதமாம்."

அவன் போனை வைத்தான். ஊழியர் சாப்பாட்டுத் தட்டில் அவனுக்குப் போட்டு வைத்திருந்த சோறும் சாம்பாரும் கூட்டும் அப்பளமும் ஆறிக்கொண்டிருந்தன. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். தேதி இருபத்தாறு. முன்னாலிருந்து யாரோ மாஸ்டர், ஆறு பரோட்டா என்று குரல் கொடுத்தார்கள். தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து கல்லுக்குப் போனான்.